கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது: மலையகத்துப் படங்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம், ஒரு காலை. மழை விட்டு அரைமணி நேரம் இருக்கும். தலையில் சிவப்புத் துணி, இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தை நான் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார், எடுத்துவிட்டேன். பின்னால் மலை முழுக்கப் பச்சை, அதற்கும் பின்னால் மூடுபனி. கலரில் அந்தப் படம் நன்றாகவே இருந்தது. முதலில் சிவப்புத் துணி கண்ணைப் பிடிக்கும், அங்கிருந்து பார்வை முகத்துக்கு இறங்கும்.

வீட்டுச் சுவரில் மாட்டுவதற்குக் கறுப்பு வெள்ளையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று, நிறத்தை நீக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினேன். துணி காணாமல் போனது. துணி, முகம், தேயிலை மூன்றும் ஒரே சாம்பலாகி, அத்தை செடிக்குள் கரைந்துவிட்டார்.

ஏன் அப்படி ஆனது என்று தேடிப் போனதில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கறுப்பு வெள்ளையாக்குவது என்றால் நிறத்தை எடுத்துவிடுவது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் முழு வேலையும். அந்த முடிவை நாம் எடுக்காவிட்டால் மென்பொருள் எடுத்துவிடும்.

சிவப்பும் பச்சையும் ஏன் ஒன்றாகின்றன?

டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அத்தையின் படத்தில் ஸ்பொயிட் (சொட்டுக்குழாய்) வடிவில் இருக்கும், நிறத்தின் எண்ணைக் காட்டும் கருவியால் தொட்டுப் பார்த்தேன். தலைத்துணி ஏறக்குறைய 210, 50, 45. தேயிலையின் முற்றிய இலை 75, 120, 40. முகம் 130, 85, 60.

ஒரு புள்ளியின் மூன்று எண்களையும் ஒரே சாம்பல் எண்ணாக்க மென்பொருள்கள் பல வகைக் கணக்குகளை வைத்திருக்கின்றன. கலர் தொலைக்காட்சி வந்த காலத்திலிருந்து புழங்கும் கணக்கு ஒன்று: சிவப்பில் 29.9 சதவீதம், பச்சையில் 58.7 சதவீதம், நீலத்தில் 11.4 சதவீதம் எடுத்துக் கூட்டுவது. மனிதக் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகத் தெரியும் என்பதால் பச்சைக்கு அவ்வளவு பங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். துணி 97, இலை 97, முகம் 96. கண்ணுக்கு அவ்வளவு வேறுபட்டுத் தெரிந்த மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை, அந்தக் கணக்கில் அவற்றின் வெளிச்சம் உண்மையிலேயே ஒன்றுதான். அவற்றைப் பிரித்துக் காட்டியது நிறம் மட்டுமே.

இப்போது சிவப்பு எண்ணை மட்டும் எடுங்கள்: துணி 210, முகம் 130, இலை 75. துணி பளிச்சென்று வெளியே வருகிறது. பச்சை எண்ணை மட்டும் எடுத்தால் இலை 120, முகம் 85, துணி 50. துணி கறுத்து, இலை வெளுக்கிறது. நீலத்தை மட்டும் எடுத்தால் முகம் 60, துணி 45, இலை 40, எல்லாமே இருட்டு. ஒரே படம், மூன்று வேறு உலகங்கள்.

அந்த நீல உலகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கே இருந்த காலத்தில் இந்த நாட்டு மக்களையும் அவர் படமெடுத்தார். அன்று அவர் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் தட்டுக்கு (ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படமெடுக்கும் கண்ணாடித் தட்டு) நீல வெளிச்சம்தான் நன்றாகத் தெரியும், சிவப்பும் மஞ்சளும் தெரியவே தெரியாது என்று சொல்லலாம். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் நீல வானம் வெறும் வெள்ளையாகவும், மாநிற முகங்கள் நிஜத்தைவிடக் கறுப்பாகவும் இருக்கின்றன. நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்து முகங்களின் சாம்பல் நிறத்தை அந்தத் தட்டுதான் முடிவு செய்தது. படத்தின் நீலச் சேனலை, அதாவது நீல எண்களை, மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தத் தட்டு கண்ட உலகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவீர்கள். இன்று மூன்று சேனலும் நம் கையில் இருக்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்த மென்பொருள்?

காசு கொடுக்காமல் செய்ய வேண்டும் என்றால் கணினியில் கிம்ப் போதும். கேமரா பதிந்த தகவலைக் குறைக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைல்களைத் திறக்க டார்க்டேபிள் அல்லது ரா தெரபி, இரண்டும் இலவசம். காசு கொடுத்தால் லைட்ரூம், போட்டோஷாப். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்னாப்சீட். அதில் ‘பிளாக் அண்ட் வைட்’ கருவிக்குள் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று கலர் ஃபில்டர்கள் இருக்கும். பழைய ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி ஃபில்டர் மாட்டிய அதே வேலை. போனில் ஆரம்பிப்பதில் எந்தக் குறையும் இல்லை. பல பேருடைய நல்ல படங்கள் போனில்தான் கிடக்கின்றன.

படி 1: மூலப் படத்தைத் தொடாதீர்கள்

முதலில் ஒரு பிரதி எடுங்கள். நிறம் ஒரு தடவை போய், அந்த ஃபைலிலேயே சேமித்துவிட்டால் திரும்ப வராது. இதே காரணத்துக்காகக் கேமராவில் இருக்கும் மோனோகுரோம் வசதியைப் போட்டு ஜேபெக் (வழக்கமான, சுருக்கிய பட ஃபைல்) மட்டும் எடுக்காதீர்கள். அந்த வசதி பிடிக்கும் என்றால் ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியும்படி வையுங்கள். பின்திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், ரா ஃபைலில் நிறம் முழுவதும் பத்திரமாக இருக்கும். எடுக்கும்போதே சாம்பலில் பார்த்துப் பழகுவதற்கு அது நல்ல வழி.

ரா ஏன் நல்லது என்றால், ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான், 14 பிட் ரா ஃபைலில் 16,384. நிற ஸ்லைடர்களை (இழுத்து அளவை மாற்றும் பட்டிகளை) இழுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். இன்னொன்று, பெரும்பாலான ஜேபெக் படங்களில் வெளிச்சத் தகவல் முழு அளவிலும் நிறத் தகவல் அதைவிடக் குறைந்த அளவிலும் சேமிக்கப்படுகிறது. கலரில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாம் நிறத்தை வைத்துத்தான் சாம்பலைப் பிரிக்கப் போகிறோம், அதனால் அதிகமாக இழுத்தால் ஓரங்களில் சதுரம் சதுரமாகக் கட்டம் விழும். ஜேபெக்தான் இருக்கிறது என்றால் கையை அடக்கி இழுக்க வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து வேலை செய்யாதீர்கள். எடுத்தவரிடம் மூல ஃபைலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 2: கலரில் இருக்கும்போதே நிறத்தைச் சரிசெய்யுங்கள்

கறுப்பு வெள்ளையாகத்தானே ஆகப் போகிறது, வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச் சாய்வைத் திருத்துவது) எதற்கு என்று தோன்றும். இதைத் தவறவிட்டால் பின்னால் எல்லாம் பிசகும். மூடுபனியிலும் மர நிழலிலும் எடுத்த படத்தில் நீலம் ஏறியிருக்கும். முகம் இருக்க வேண்டிய ஆரஞ்சில் இல்லாமல் ஊதாப் பக்கம் சாய்ந்திருக்கும். பிறகு ஆரஞ்சு ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் முகத்தில் பாதிதான் அசையும். ஆகவே முதலில் முகம் முகமாகவும், இலை இலையாகவும் தெரியும்வரை வைட் பேலன்ஸைத் திருத்துங்கள். கோணல், தூசிப் புள்ளி, இருட்டில் எடுத்த படத்தின் இரைச்சல் (புள்ளி புள்ளியான கறை), இவற்றையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

எக்ஸ்போஷரில் ஒரு கவனம். நம் மலைப் படங்களில் வெளுத்துப் போவது பெரும்பாலும் மூடுபனிதான். ஹிஸ்டோகிராமின் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் மேடு சுவரை முட்டிக்கொண்டு நின்றால் ஹைலைட்ஸைக் குறையுங்கள். முற்றாக வெளுத்த பனியில் எதையும் மீட்க முடியாது, அச்சில் அந்த இடம் வெற்றுத் தாளாகத்தான் இருக்கும்.

படி 3: சேனல்களைக் கலப்பது

வேலையின் இதயம் இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

கிம்பில் முதலில் லேயரை (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கை) பிரதி எடுங்கள். அப்புறம் ‘கலர்ஸ்’ மெனுவில் ‘டிசாச்சுரேட்’, அதற்குள் ‘மோனோ மிக்ஸர்’. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஸ்லைடர்கள் வரும். மூன்றின் கூட்டுத்தொகை 1க்கு அருகில் இருந்தால் படத்தின் மொத்த வெளிச்சம் அதிகம் மாறாது. அத்தையின் படத்துக்கு நான் வைத்தது சிவப்பு 0.6, பச்சை 0.4, நீலம் 0. எண்களைப் பெருக்கிக் கூட்டினால் துணி 146, முகம் 112, இலை 93. மூன்றும் பிரிந்துவிட்டன. துணிதான் வெளிச்சம், அதற்கடுத்து முகம், இலை பின்னால். கலரில் கண் போன அதே வழி சாம்பலிலும் கிடைக்கிறது. உங்கள் மென்பொருளில் எண்கள் சற்று முன்பின் ஆகலாம், வரிசை மாறாது.

அதே ‘டிசாச்சுரேட்’ பகுதியில் லூமினன்ஸ், லூமா, லைட்னஸ் என்று தயார் கணக்குகளும் இருக்கின்றன. அவசரத்துக்கு லூமினன்ஸ் பரவாயில்லை. ஆனால் அவற்றில் நீங்கள் முடிவெடுக்க எதுவும் இல்லை என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. 2025இல் வந்த கிம்ப் 3.0இல் ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பப் போய் எண்ணை மாற்றலாம். பழைய கிம்ப் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்வது நல்லது.

டார்க்டேபிளில் ‘கலர் காலிப்ரேஷன்’ என்ற பகுதியில் ‘கிரே’ என்ற தாவல் இருக்கும், ஏறக்குறைய இதே மூன்று ஸ்லைடர்கள். ரா தெரபியில் ‘பிளாக் அண்ட் வைட்’ கருவிக்குள் ‘சேனல் மிக்ஸர்’.

லைட்ரூமிலும் போட்டோஷாப்பிலும் அணுகுமுறை கொஞ்சம் வேறு. லைட்ரூமில் கறுப்பு வெள்ளைக்கு மாறியதும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, அக்வா, நீலம், ஊதா, மெஜந்தா என்று எட்டு ஸ்லைடர்கள் வரும். போட்டோஷாப்பில் ‘பிளாக் அண்ட் வைட்’ அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் ஆறு. மோனோ மிக்ஸர் படம் முழுவதையும் அசைக்கும், இவை அந்தந்த நிறத்தை மட்டும் அசைக்கும். நம் வேலைக்கு இதுதான் வசதி, ஏனென்றால் தேயிலை மலையில் பச்சை என்பது ஒரே பச்சை இல்லை. புதிதாக விட்ட கொழுந்து மஞ்சள் சாய்ந்த பச்சை. முற்றின இலை கரும்பச்சை. மஞ்சள் ஸ்லைடரைக் கொஞ்சம் கூட்டிப் பச்சை ஸ்லைடரைக் கொஞ்சம் குறைத்தால், ஒவ்வொரு செடியின் தலையிலும் கொழுந்து மட்டும் வெளிச்சமாக எழுந்து நிற்கும். பறித்து முடித்த நிரை எது, பறிக்காத நிரை எது என்றுகூடத் தெரியும். நிறத்தை நீக்கும் பொத்தானை அழுத்தி எடுத்த படத்தில் அந்த மலை வெறும் சாம்பல் கம்பளி மாதிரிக் கிடக்கும். முதன்முதலில் இந்த இரண்டு ஸ்லைடர்களையும் இழுத்து, கொழுந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்ததைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எந்த ஸ்லைடர் எந்த இடத்தை அசைக்கும் என்று தெரியவில்லையா? இரண்டு மென்பொருளிலும் படத்தின் மீதே சுட்டியை வைத்து இழுக்கும் கருவி உண்டு. இலை மேல் வைத்து இழுத்தால் இலைக்குரிய ஸ்லைடர்கள் தாமாக நகரும்.

ரயில் படத்துக்கு ஒரு குறிப்பு. எல்ல என்ற ஊருக்கும் தெமோதரைக்கும் இடையிலான ஒன்பது வளைவுப் பாலத்தை எடுக்காதவர்கள் குறைவு. இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி 1921இல் திறந்த பாலம் அது. அதன் மேல் நீல நிற ரயில் வரும்போது எடுத்த படத்தை அப்படியே மாற்றினால் ரயில் பாலத்தோடு ஒட்டிப்போகும். நீல ஸ்லைடரைக் கூட்டிப் பச்சையைக் குறையுங்கள். காடு இருளும், பாலம் நடுச் சாம்பலில் நிற்கும், ரயில் மட்டும் வெளிச்சக் கோடாக ஓடும்.

கோயில் திருவிழா இரவுப் படங்களில் இதற்கு நேர் எதிர். மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் நீலம் மிகக் குறைவு, அதனால் நீலச் சேனலில் இரைச்சலைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. சிவப்பையும் பச்சையையும் வைத்தே படத்தைக் கட்டுங்கள்.

படி 4: முகம்

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். நம்மவர்களின் தோல் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடருக்குள் வரும், கொஞ்சம் சிவப்பிலும். ஆரஞ்சைக் கூட்டினால் முகம் வெளுக்கும், சுருக்கமும் தழும்பும் மறையும். குறைத்தால் கறுக்கும், ஒவ்வொரு ரேகையும் எழும். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது.

அக்காவின் கல்யாணப் படத்தை ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளையில் பெரிதாக்கக் கொடுத்தோம். வந்த படத்தில் முகம் வெள்ளைத் தாள் மாதிரி, கழுத்துக்குக் கீழே அவளுடைய சொந்த நிறம். கேட்டதற்கு, ‘அழகாத்தானே இருக்கு’ என்றார்கள். அம்மா அந்தப் படத்தை மாட்டவே இல்லை. அதற்குப் பிறகு நான் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கலர் படத்தையும் மாற்றிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கலரில் முகம் சட்டையைவிட எவ்வளவு அடர்த்தியோ, இலையைவிட எவ்வளவு வெளிச்சமோ, அந்த உறவு சாம்பலிலும் இருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் முப்பது வருடம் நின்று உழைத்த முகத்தை நாம் வெளுக்கவும் வேண்டாம், வறுமையைக் காட்டுகிறேன் என்று இருட்டாக்கி ரேகைகளைச் செதுக்கவும் வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம், இதைக் கவனிக்க எனக்கு வெகு நாள் பிடித்தது. அத்தையின் நெற்றியில் குங்குமம். அதன் எண்கள் ஏறக்குறைய 160, 25, 30. நான் வைத்த 0.6, 0.4 கலவையில் அது 106 ஆகிறது. முகம் 112. துணியைக் காப்பாற்றப் போய்ப் பொட்டை அழித்துவிட்டேன்! சிவப்பை இன்னும் கூட்டினால் நெற்றியில் திருநீற்றுப் பொட்டு வைத்தது போல வெளிறிப் போகும். அத்தையைத் தெரிந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

வழி இருக்கிறது. ஒரே படத்துக்கு இரண்டு கலவைகள் வையுங்கள். கிம்பில் கலர் லேயரை இன்னொரு பிரதி எடுத்து மேலே வைத்து, அதில் மோனோ மிக்ஸரில் பச்சையை 1, மற்ற இரண்டையும் 0 ஆக்குங்கள். அந்த லேயரில் பொட்டு 25, முகம் 85. பொட்டு நன்றாகத் தெரியும். பிறகு அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (கறுப்பு இடத்தை மறைத்து வெள்ளை இடத்தைக் காட்டும் திரை) போட்டால் லேயர் மறைந்துவிடும். மென்மையான ஓரமுள்ள சிறிய வெள்ளைத் தூரிகையால் மாஸ்க்கில் பொட்டின் மேல் மட்டும் தொடுங்கள். பொட்டு திரும்பி வரும். போட்டோஷாப்பிலும் இதே முறைதான். லைட்ரூமில் நிறக் கலவை படம் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால், பொட்டின் மேல் ஒரு பிரஷ் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரைக் குறைக்கலாம். போனில் ஸ்னாப்சீட்டின் ‘பிரஷ்’ கருவியில் உள்ள ‘டாட்ஜ் அண்ட் பேர்ன்’ (தொட்ட இடத்தை வெளுப்பாக்குவது, கறுப்பாக்குவது) உதவும். விரலால் செய்வதால் படத்தை நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: மூடுபனி

எட்டு ஸ்லைடர்களையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் பனி அசையவே இல்லையே என்று குழம்பாதீர்கள். பனிக்கு நிறம் இல்லை. மூன்று எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இடத்தில் நிற ஸ்லைடருக்கு வேலையே இல்லை. வெளிநாட்டுப் பாடங்களில் நீல ஸ்லைடரைக் குறைத்தால் வானம் கறுத்து மேகம் எழும் என்று காட்டுவார்கள். நுவரெலியாவில் ஜூலை மாதம் எடுத்த படத்தில் அதைச் செய்தால் ஒன்றும் நடக்காது. இங்கே கர்வ்தான் கருவி, புள்ளிகளை ஏற்றி இறக்கி இருட்டையும் வெளிச்சத்தையும் மாற்றும் வளைகோடு.

மலைக்குப் பின் மலை, அதற்குப் பின் இன்னொரு மலை என்று அடுக்கடுக்காகத் தெரிவதுதான் நம் ஊர்ப் பனிப் படத்தின் உயிர். தூரம் கூடக் கூட ஒவ்வொரு அடுக்கும் ஒரு படி வெளுக்கும். அந்தப் படிகள் உடையாமல் இருக்க வேண்டும். கர்வில் மூன்று புள்ளிகள் வைப்பேன். முன்னால் இருக்கும் செடியின் நிழலைக் கொஞ்சம் கீழே இறக்குவேன், 10, 15 வரை. நடுவில் உள்ள மலையை அப்படியே விடுவேன். பனியின் மிக வெளிச்சமான இடம் 240ஐத் தாண்டாமல் மேல் புள்ளியைப் பிடித்துக்கொள்வேன். இவ்வளவுதான். முன்னால் ஆழம், பின்னால் மென்மை.

‘டிஹேஸ்’ என்ற ஸ்லைடரைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். பனியை நீக்குவதற்காகவே செய்த கருவி அது, பனி வேண்டும் என்று எடுத்த படத்தில் அதற்கு என்ன வேலை? கூட்டினால் தூரத்து மலைகள் முன்னால் ஓடி வந்து, அடுக்குகள் ஒன்றாகி, வானத்தில் அழுக்குத் திட்டுகள் விழும். மைனஸ் பக்கம் ஒரு சிட்டிகை இழுத்தால் சில படங்களில் பனி இன்னும் அழகாகப் படரும்.

பனி படிப்படியாக வெளுக்கும் இடங்களில் சில நேரம் வரி வரியாகப் பட்டைகள் தெரியும். அதைத் தவிர்க்கக் கிம்பில் வேலை தொடங்கும்போதே படத்தை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் கொஞ்சம் கிரெயின் (பழைய ஃபிலிம் போன்ற மணல் புள்ளிகள்) சேர்த்தாலும் பட்டை உடையும்.

ஜனவரி, பெப்ரவரியில் ஹற்றன் பக்கம் வானம் நல்ல நீலமாக இருக்கும். அப்போது நீல ஸ்லைடர் வேலை செய்யும். குறைத்தால் சிவனொளிபாத மலையின் கூம்பு வானத்திலிருந்து தனியாகத் தெரியும். ஆனால் மைனஸ் 40ஐத் தாண்டும்போது படத்தை 100 சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். யூகலிப்டஸ் இலை ஓரங்களில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், வானத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழுந்திருந்தால், திரும்பி வாருங்கள்.

படி 6: கையால் வெளிச்சம் போடுவது

இருட்டறைக் காலத்தில் தாளின் மேல் கையை ஆட்டி ஒரு இடத்தை வெளுப்பாக்குவார்கள், இன்னொரு இடத்தைக் கறுப்பாக்குவார்கள். அதை இன்றும் செய்யலாம். ஒரு புதிய லேயர், அதை 50 சதவீதச் சாம்பலால் நிரப்பி, லேயர் முறையை ‘சாஃப்ட் லைட்’ ஆக்குங்கள். படத்தில் எதுவும் மாறாது. இப்போது 5 முதல் 10 சதவீத அடர்த்தியில் வெள்ளைத் தூரிகையால் தடவிய இடம் மெதுவாக வெளுக்கும், கறுப்புத் தூரிகையால் தடவிய இடம் அடங்கும்.

அத்தையின் படத்தில் நான் தொட்டவை மூன்றே இடங்கள்: கையில் பிடித்திருந்த கொழுந்து, பனியிலிருந்து வெளிச்சம் விழுந்த கன்னத்தின் ஒரு பக்கம், இவை இரண்டும் வெள்ளையில். படத்தின் கீழ் மூலையில் பளபளத்த ஈர இலைகளைக் கறுப்பில் அடக்கினேன். எங்கே தொட்டீர்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. லேயரை அணைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் ‘அட’ என்று சொல்ல வைத்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். லேயரின் அடர்த்தியைப் பாதியாக்குங்கள்.

கூர்மையாக்குவதைக் கடைசியில் வையுங்கள், அதையும் முகத்துக்கும் கைக்கும் மட்டும். பனியைக் கூர்மையாக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் காலையில் திறந்து பாருங்கள். திரையின் வெளிச்சத்தை நடுத்தரத்தில் வைத்து, இரவுக்கான மஞ்சள் வெளிச்ச வசதியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பாதிப் படங்களை நான் மறுநாள் காலையில்தான் திருத்துகிறேன்.

படி 7: அச்சு

ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில், கலர் முறையிலேயே சேமியுங்கள், ‘கிரேஸ்கேல்’ முறை வேண்டாம். சில அச்சு இயந்திரங்கள் அதைச் சரியாக வாசிப்பதில்லை. 8க்கு 10 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2400க்கு 3000 பிக்ஸல் வேண்டும். லேயர்களுடன் கூடிய ஃபைலை வேறாகச் சேமித்து வையுங்கள்.

கடைகளில் கறுப்பு வெள்ளைப் படத்தையும் பெரும்பாலும் கலர் இயந்திரத்தில்தான் அடிக்கிறார்கள். மூன்று நிறச் சாயங்களும் சரிசமமாக விழுந்தால்தான் சாம்பல் சாம்பலாக இருக்கும். கொஞ்சம் பிசகினாலும் பச்சையோ மெஜந்தாவோ தட்டும். அத்தையின் படம் முதல் தடவை அச்சாகி வந்தபோது பனி முழுவதும் பாசி படிந்தது போல் இருந்தது. இரண்டு விஷயங்கள் செய்தேன். பெரிய படத்துக்கு முன் அதே தாளில் சிறிய சோதனைப் பிரதி ஒன்று கேட்டு வாங்கினேன். அப்புறம் படத்துக்கு மிக மெல்லிய பழுப்புச் சாயல் கொடுத்தேன், கண்ணால் பார்த்தால் சாம்பல் என்றே சொல்லத் தோன்றும் அளவுக்கு. அந்தச் சாயல் இருந்தால் இயந்திரத்தின் சின்னப் பிசகு வெளியே தெரியாது. போட்டோஷாப்பின் ‘பிளாக் அண்ட் வைட்’ லேயரிலேயே ‘டின்ட்’ என்று இருக்கிறது. கிம்பில் ‘கலர் பேலன்ஸ்’ கொண்டு சிவப்புப் பக்கமும் மஞ்சள் பக்கமும் இரண்டு மூன்று புள்ளிகள் நகர்த்தினால் போதும். தாள் மினுமினுப்பில்லாத மாட் ஆக இருந்தால் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சுவரில் வாசல் வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. ஆனால் மாட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது, நிழல்களில் விவரம் அமுங்கும். அதற்கு முன்கூட்டியே நிழலைச் சற்றுத் தூக்கி வையுங்கள்.

கேமரன் இங்கே எடுத்த படங்கள் இன்று உலகின் பெரிய நூதனசாலைகளில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் நிற்பவர்களின் பெயர் எங்கும் இல்லை. அதனால் ஃபைலின் கேப்ஷன் பகுதியில் பெயர், தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு), தேதி நான்கையும் தட்டச்சு செய்யுங்கள். அச்சிட்ட படத்தின் பின்பக்கத்திலும் அவற்றையே எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். என் படத்தின் பின்னால் பெயரை அத்தையையே எழுத வைத்தேன்.